உப்புக்காற்றில் ஓடும் காருக்குப் புது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: தேர்வு செய்வதும் பொருத்துவதும்

உச்சிப்புளியில் இரவு வெளியே நிறுத்திய காரின் பானெட்டைக் காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது நம் ஊர்ப்பக்கம். மேலே படிந்த உப்பை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். வண்டிக்கு அடியில் படிந்ததை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை ஓடுகிற கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதே என் பிழைப்பு. பார்த்தவரை சொல்கிறேன்: மதுரைப் பக்கத்துக் கார்களில் கன்வெர்ட்டர் உள்ளே கெட்டு வரும். நம் கரையோரக் கார்களில் உள்ளே நன்றாக இருக்கும்போதே வெளிக்கூடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து வரும். அதனால் இங்கே கன்வெர்ட்டர் வாங்குகிறவர் இரண்டு கேள்விக்கு விடை தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போகவேண்டும். பழையது எதனால் கெட்டது? புதியதன் கூடு என்ன இரும்பு?

இது பெட்ரோல் கார்களுக்கான வழிகாட்டி. டீசல் காரில் உள்ள வடிகட்டி அமைப்பு வேறு வகை. அதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் வழியில், சைலன்சருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தடித்த டப்பாதான் கன்வெர்ட்டர். சில கார்களில் அது வண்டிக்கு அடியில் தொங்கும். சமீப காலக் கார்கள் பலவற்றில் எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒட்டி, பானெட்டைத் திறந்தாலே தெரியும் இடத்தில் இருக்கும். உள்ளே பீங்கானில் செய்த ஒரு தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்தில் 400-லிருந்து 600 துளை வரை இருக்கும். அந்தத் துளைச் சுவர்களில் அலுமினா பூச்சு, அதன்மேல் தூசி அளவில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறும். நைட்ரஜன் ஆக்சைடு பிரிந்து வெறும் நைட்ரஜனாகும். ஆனால் சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் இந்த வேலை தொடங்கும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓடுகிற கார் அந்தச் சூட்டைச் சரியாக எட்டுவதே இல்லை. புகையில் வரும் நீர் குழாய்க்குள்ளேயே தேங்கி உள்ளிருந்தும் துரு பிடிக்கிறது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அங்கேதான் முதலில் வந்தது. நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். இன்றைக்கு ஈயத்தால் கன்வெர்ட்டர் சாவதில்லை. அதைக் கொல்கிறவை வேறு.

புதியது வாங்கும் முன்: பழையது ஏன் கெட்டது?

என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்தார். செக் எஞ்சின் லைட் எரிந்தது. காரின் கம்ப்யூட்டரோடு மாட்டிப் பார்க்கும் ஸ்கேனரில் பி0420 என்ற கோடு, அதாவது பழுதைச் சொல்லும் குறியீடு வந்தது. தட்டிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்று சத்தம். “பாய், கன்வெர்ட்டர் உடைஞ்சு போச்சு, மாத்திடலாம்” என்று சொல்லிப் புதியது வாங்கிப் போட்டேன். லைட் அணைந்தது, அவரும் சந்தோஷமாகப் போனார். ஏழு மாதத்தில் திரும்பி வந்தார். “தம்பி, மறுபடி எரியுதுப்பா.” கழற்றிப் பார்த்தால் புதிய தேன்கூட்டின் முகப்பு மெழுகு மாதிரி உருகி, துளைகள் மூடிக் கிடந்தன. அப்போதுதான் இக்னிஷன் காயிலைச் சோதித்தேன். மூன்றாவது சிலிண்டரின் காயில் சூடானதும் தீப்பொறி கொடுக்காமல் விட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது. மெக்கானிக்குகள் சொல்லும் மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. 1,400 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பீங்கானே உருகும். முதல் கன்வெர்ட்டரைக் கொன்றதும் அதே காயில்தான். அன்றைக்கு நான் காயிலைப் பார்த்திருந்தால் பெரியவருக்கு ஒரு கன்வெர்ட்டர் பணம் மிச்சம். இரண்டாவது முறை கூலியில்லாமல் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு காரணம் தெரியாமல் ஒரு கன்வெர்ட்டரும் நான் கழற்றுவதில்லை.

பி0420 வந்தால் “கன்வெர்ட்டர் செத்தது” என்று அர்த்தமில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் காட்டுவது ஒரே மாதிரி இருந்தால், நடுவில் இருப்பது வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கோடின் பொருள். ஊகம் தப்பாகவும் இருக்கலாம். அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் புகைக் கசிவு. நம் ஊரில் நூற்றுக்கு அறுபது வண்டியின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு இது அதிகம். மேனிஃபோல்டு கேஸ்கட், குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான ஃபிளேஞ்ச், நெளியும் ஃபிளெக்ஸ் பைப் இவற்றில் எங்காவது துரு தின்று ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சாரை ஏமாற்றும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில நொடி லேசாக அடைக்க, இன்னொருவர் காதை வைத்துக் கேட்டால் ‘புஸ்’ சத்தம் காட்டிக் கொடுக்கும். இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து.

அடுத்து மிஸ்ஸிங். ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர். பி0300 அல்லது பி0301, 0302 என்ற வரிசையில் கோடு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது. அப்புறம் ஆயில். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் எஞ்சின் ஆயில் குறைகிறதென்றால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து கொன்றுகொண்டிருக்கிறது. ரேடியேட்டர் கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தால், ஹெட் கேஸ்கட் வழியாக அது எரிந்து வெளியே போகிறதா என்று பாருங்கள். அதிலுள்ள சிலிக்கேட் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் சேர்த்தே கெடுக்கும். கடைசியாக முன் சென்சார். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய சென்சார் மந்தமாகிவிடும். எரிபொருள் அளவைத் தப்பாகக் கொடுக்கவைக்கும். ஸ்கேனரில் நீண்ட கால ஃபியூயல் டிரிம், அதாவது பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் திருத்தம், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

இத்தனைக்கும் பிறகு கன்வெர்ட்டரையே சோதிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் பின் சென்சாரைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நின்றால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊஞ்சலாடினால் செத்துவிட்டது. வண்டி இழுக்கவில்லை, மேட்டில் ஏறத் திணறுகிறது என்றால் அடைப்பு. முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்துங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் 1.25 பிஎஸ்ஐ-க்கு மேலோ, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேலோ காட்டினால் தேன்கூடு அடைத்திருக்கிறது. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே உருளும் சத்தம் கேட்டால் தேன்கூடு உடைந்திருக்கிறது.

கூடு மட்டும் ஓட்டை, உள்ளே நன்றாக இருக்கிறது என்றால் ஆர்கான் வாயுவில் ஒட்டும் நல்ல டிக் வெல்டரிடம் கொண்டுபோய் ஒட்டுப் போட்டே இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். எல்லாக் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியதில்லை.

எதை வாங்குவது

கம்பெனி பாகம் பல மடங்கு விலை. அதனால்தான் வெளிக்கடைப் பாகத்தைத் தேடுகிறோம். அதில் இரண்டு வகை. உங்கள் மாடலுக்கென்றே ஃபிளேஞ்ச், சென்சார் துளை எல்லாம் சரியான இடத்தில் வைத்துச் செய்தது ஒன்று. போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. வெறும் டப்பாவாக வந்து, குழாயை வெட்டி வெல்டிங் வைக்கவேண்டியது இன்னொன்று. முதலாவது கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதையே எடுங்கள். வெல்டிங் வைத்த ஒவ்வொரு இடமும் நம் காற்றில் துருவுக்குத் திறந்த கதவு. மேனிஃபோல்டோடு சேர்ந்த கன்வெர்ட்டர் என்றால் முதல் வகையைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம்.

அளவு: எஞ்சின் சிசிக்கும், பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்கிற வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு நிலைக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும். 1,000 சிசி வண்டிக்கான டப்பாவை 1,500 சிசியில் போட்டால் மூச்சு முட்டும். பிஎஸ்-4 வண்டிக்கென்று செய்ததை 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் போட்டால், விலை உயர்ந்த உலோகம் அதில் குறைவாக இருக்கும். கம்ப்யூட்டர் சில வாரங்களில் மறுபடி லைட்டைப் போட்டுவிடும். ஆர்.சி. புத்தகத்தில் எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தைப் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். தேன்கூடு பீங்கானா, உலோகத் தகடா என்றும் கேட்பார்கள். அன்றாட ஓட்டத்துக்குப் பீங்கானே போதும். தேவிபட்டினம், வாலிநோக்கம் பக்கம் உள்ள உடைசல் ரோட்டில் தினமும் அடி வாங்கும் வண்டி என்றால் உலோகத் தேன்கூடு தாங்கும், ஆனால் விலை அதிகம்.

இப்போது நம் கரைக்கே உரிய விஷயம். கூட்டின் இரும்பு. கன்வெர்ட்டர் கூடுகள் பெரும்பாலும் 409 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். சாதாரண ஊர்களுக்கு அது தாராளம். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். நம் கரைக்கு அதுதான் வேண்டும். காரணம் எளிது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் அது நடக்கிறது. மழை பெய்யாமலே வண்டியின் அடிப்பக்கம் இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்து, பகலில் சூட்டில் காய்ந்து, மறுபடி நனைகிறது. இதில் 409 புள்ளி புள்ளியாக அரித்துப் போகும். இரும்பில் அலுமினியம் முலாம் பூசிய மலிவு வகையை இங்கே வாங்கவே வேண்டாம். முலாம் கீறிய இடத்தில் ஒரு வாடைக்காலம் தாங்காது.

கடையில் சோதிக்க ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் 409 அல்லது முலாம் பூசிய சாதா இரும்பு. ஒட்டாவிட்டால் 304 ஆக இருக்கலாம், ஆனால் அதுவே உறுதியில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை மலிவு ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் இரும்பின் வகை எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடலாம்.

டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு முனையிலிருந்தும் உள்ளே பாருங்கள். துளைகள் சீராக, உடையாமல், ஒரே நிறத்தில் இருக்கவேண்டும். வெற்றுக் குழாய் தெரிந்தாலோ, துளைகள் ஈர்க்குச்சி நுழையுமளவுக்குப் பெரிதாக இருந்தாலோ அது பேருக்குக் கன்வெர்ட்டர். கூட்டின் மேல் புகை ஓடும் திசைக்கு அம்புக்குறி, வரிசை எண், தயாரிப்பாளர் முத்திரை வெட்டியிருக்கவேண்டும். ஒட்டுக் காகிதம் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். ஐரோப்பிய விதிப்படி சோதித்த பாகத்தில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அது இருந்தால் நல்ல அறிகுறி.

பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்காதீர்கள். அந்த வண்டி ஆயில் குடித்ததா, மிஸ்ஸிங்கில் ஓடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். “உள்ளே கம்பியை விட்டுக் குத்தி எடுத்துடுறேண்ணே, பிக்கப்பும் கூடும், செலவும் மிச்சம்” என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிக்கப் கூடுவது போலத் தோன்றுவது அடைத்த தேன்கூடு போனதால்தான். நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அதே பிக்கப் வரும். வெற்றுக் கூட்டோடு ஓட்டினால் அந்தக் கார்பன் மோனாக்சைடு முழுவதும் நம் தெருவில், பள்ளிக்கூட வாசலில், ராமேசுவரம் ரத வீதிகளில் நடக்கிற ஜனத்தின் மூச்சில் போகிறது. சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் நிறுத்தம். புகைச் சோதனையிலும் தேறாது. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், இதுதான் எல்லை. கன்வெர்ட்டர் இல்லாமல் இதற்குள் நிற்பது மிகச் சிரமம்.

குத்தி எடுக்கச் சொல்லும் அந்தத் தேன்கூட்டின் மதிப்பு என்ன தெரியுமா? 2021-ல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் இன்றும் பழைய கன்வெர்ட்டருக்கு இரும்புக்கடை விலையைவிடப் பல மடங்கு தர ஆள் உண்டு. மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள். வீட்டில் உடைத்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பீங்கான் தூளும் சுற்றியிருக்கும் நார்ப்பாயும் நுரையீரலுக்கு ஆகாது.

பொருத்துவது

கன்வெர்ட்டரோடு சேர்த்து வாங்கவேண்டியவை: புதுக் கேஸ்கட்கள், புது ஸ்டட் (தலையில்லாத போல்ட்), நட், ஸ்பிரிங் போல்ட், தொங்கவிடும் ரப்பர் வளையங்கள். பழையதைத் திரும்பப் போடலாமே என்று மிச்சம் பிடிக்காதீர்கள். நட்டில் செப்பு முலாம் பூசியது கிடைத்தால் வாங்குங்கள், அடுத்த முறை கழற்ற வரும்.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டிலும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை. கரையோர வண்டியில் இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் ஸ்டட் உடைவது நிச்சயம்.

வண்டியைத் தூக்கும் இடம் முக்கியம். நம் பக்கம் வாசல் எல்லாம் மணல். மணலில் ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். சிமெண்ட் தரை இல்லையென்றால் ஒன்றரை அங்குலத் தேக்கு அல்லது வேம்புப் பலகையை அடியில் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை வைத்து, வண்டியை இரண்டு கையாலும் குலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் போகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

சென்சாரைக் கழற்ற எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, 22-ஆம் நம்பர் சென்சார் சாக்கெட்டால் திருப்புங்கள். பக்கவாட்டில் வயருக்காக வெட்டிய சாக்கெட் கிடைக்கும். முதலில் வயர் கனெக்டரைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் சென்சாரோடு வயரும் முறுக்கிக்கொள்ளும். மற்ற வேலைகளுக்கு எஞ்சின் முழுதாக ஆறவேண்டும். இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

நட் நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்ப்ரே, மறுபடி இறுக்கி. அப்படியும் வராவிட்டால் நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடாக்கிக் கழற்றலாம். ஆனால் ஸ்ப்ரே எண்ணெய் தீப்பற்றும். பெட்ரோல் குழாய் பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்த்து, ஈரச் சாக்கைப் போட்டு மறைத்து, ஒருவர் மணல் வாளியோடு பக்கத்தில் நிற்கட்டும். மேனிஃபோல்டு ஸ்டட் உடைந்து எஞ்சினின் ஹெட்டுக்குள் நின்றுவிட்டால் அதை வீட்டில் தோண்டாதீர்கள். லேத் பட்டறைக்காரர் அரை மணியில் எடுப்பார். நாம் தோண்டினால் ஹெட்டே போகும்.

பழையதைக் கழற்றியதும் ஃபிளேஞ்ச் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேயுங்கள். ஒரு நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் சமன்படுத்துங்கள். குழாய்க்குள் உடைந்த பீங்கான் துண்டு கிடக்கும். சைலன்சர் வரை ஊதி வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பின்னால் போய் அடைக்கும்.

புதியதைத் தூக்கி வைக்கும்போது அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கவேண்டும். பழையது இருந்த அதே இடத்தில்தான் வைக்கவேண்டும். எஞ்சினிலிருந்து தள்ளி வைத்தால் சூடேறத் தாமதமாகும், லைட் எரியும். எல்லா நட்டையும் கையால் நுழைத்து, ரப்பரில் தொங்கவிட்டு, குழாய் எதிலும் இடிக்காமல் தன் போக்கில் உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இழுத்து வளைத்து இறுக்கிய குழாய் சூட்டில் விரியும்போது வெல்டிங்கைப் பிளந்துவிடும். 304 ஸ்டீல் சூட்டில் 409-ஐவிட அதிகமாக விரியும், அதனால் ஃபிளெக்ஸ் பைப் நல்ல நிலையில் இருப்பது அவசியம்.

கேஸ்கட்டில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கொல்லும். நல்ல கேஸ்கட்டுக்கு ஒன்றும் தேவையில்லை. சென்சார் மரையில் மட்டும் ஒரு துளி காப்பர் கிரீஸ். நுனியில் படவே கூடாது. புதுச் சென்சாரில் கம்பெனியே தடவியிருப்பார்கள். இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர்.

வெல்டிங் வகை என்றால் வண்டியில் வைத்தே முழுதாக ஒட்டக்கூடாது. குழாயை அளந்து வெட்டி, இடத்தில் வைத்து நான்கு புள்ளியில் டாக் எனும் சின்ன ஒட்டுப் போட்டு, கழற்றிக் கீழே கொண்டுவந்து முழு வெல்டிங். டாக் போடும்போதும் பேட்டரி வயர் கழன்றே இருக்கவேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் குழாயிலேயே மாட்டுங்கள். சென்சார்கள் இரண்டும் வெளியே. 304-ஐ வேறு வகை இரும்போடு சேர்க்க 309எல் கம்பி கேளுங்கள். சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டினால் நல்ல கூட்டை வாங்கியும் பயனில்லை, ஒட்டு முதலில் போகும். முடிந்ததும் கருகிய நீல நிறத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டும். அந்த இடத்தில்தான் துரு முதலில் கால் வைக்கும். பிரஷ்ஷும் ஸ்டெயின்லெஸ் கம்பியாக இருக்கட்டும்.

கன்வெர்ட்டர் சூடு வெளியே தாக்காமல் மறைக்கும் தகடான ஹீட் ஷீல்டைத் திரும்பப் போடாமல் விடாதீர்கள். “சத்தம் போடுது, வேண்டாம்” என்று கழற்றி எறிந்த வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். நம் மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே கதிரைப் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறித் தாளடிக்கட்டும் என்று விடுகிறார்கள். அந்தக் காய்ந்த தட்டை அடியில் சுற்றிக்கொண்டு கன்வெர்ட்டர் சூட்டில் புகையும். அப்படிப் புகைந்த ஒரு காரை, தீ பெட்ரோல் குழாயைத் தொடும் முன் மணல் அள்ளிப் போட்டு அணைத்த நாள் எனக்கு மறக்காது. கதிர் மேல் ஏறிவிட்டால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதைக் குச்சியால் இழுத்துப் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்த பிறகு

பேட்டரியை மாட்டி, திறந்த வெளியில் பத்து, பதினைந்து நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். ரேஸ் செய்யாதீர்கள். தேன்கூட்டைச் சுற்றியிருக்கும் பாய் சூட்டில் மெதுவாக உப்பி அதைப் பிடித்துக்கொள்ளும் நேரம் இது. அவசரப்பட்டால் தேன்கூடு ஆடிக்கொண்டே இருந்து பிறகு உடையும். லேசான புகையும் எண்ணெய் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் சூடேறும் முன்பே தெளித்துப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அழுகிய முட்டை நாற்றம் நிற்காமல் வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள், முன் சென்சாரை மறுபடி பாருங்கள்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்ததும் வேலை முடிந்துவிடாது. கம்ப்யூட்டர் தானாகச் சோதித்துத் திருப்தியடைய வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை ஒரே சீராக ஐம்பது, அறுபது வேகத்தில் போய்வாருங்கள். அந்த நேர்ச்சாலை இதற்கென்றே போட்டது மாதிரி. இரண்டு மூன்று நாள் அப்படி ஓட்டியபின் ஸ்கேனரில் கேட்டலிஸ்ட் மானிட்டர், அதாவது கன்வெர்ட்டருக்கான அந்தச் சோதனை, ‘ரெடி’ என்று காட்டும். புகைச் சான்றுக்கு அதன்பிறகு போங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய எஞ்சினில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும். முதல் சூட்டில் கேஸ்கட் அமுங்கி நட் தளர்ந்திருக்கும்.

அப்புறம் நம் கரை வாழ்க்கை. மாதம் ஒருமுறை, ஆடிக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வாரம் ஒருமுறை, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். எஞ்சின் ஆறிய பிறகுதான். பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பு, அதில் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. குடிக்கிற தண்ணீர் என்றால் நான்கு குடம் போதும். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு மணலில் இறக்கி ஓட்டும் தேவையே இல்லை. ஆனாலும் ஆசைக்கு ஓரமாகக் கடல் தண்ணீரில் சக்கரத்தை நனைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கும் கன்வெர்ட்டர் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே பீங்கான் விரிசல் விடும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் 35 கிராம் உப்பு, அது கூட்டின் மடிப்பில் போய் உட்கார்ந்தால் கழுவினாலும் முழுதாக வராது. மழையில் தேங்கிய தண்ணீரைக் கடக்கவேண்டி வந்தால் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டு, பிறகு மெதுவாக இறங்குங்கள்.

கழுவும்போது கையோடு ஒரு டார்ச் லைட்டை அடித்து வெல்டிங் ஓரங்களைப் பாருங்கள். தேநீர்க் கறை நிறத்தில் மேலாகப் படிந்திருந்தால் துணியால் தேய்த்தாலே போகும். நகத்தால் சுரண்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அன்றைக்கே கொண்டுவந்து காட்டுங்கள்.